சம்பளம் கேக்காத வேலைக்காரன்

வா மருமகனே, உக்காரு. வத்தேகம டவுன்ல உன் கொமியூனிகேஷன் கடையில புதுசா ஒரு வேலைக்காரன் சேர்ந்திருக்கானாமே? செக்ரோல்ல பேரு போட வேணாமாம், ஈ.பி.எஃப். கட்ட வேணாமாம், தேத்தண்ணி கூடக் கேக்க மாட்டானாம். நீ கொம்பியூட்டர்ல எதைக் கொப்பி பண்ணினாலும் ஓடிப்போயி உன் குறிப்புப் புத்தகத்துல ஒட்டிருவானாம். ஸ்கிரிப்டுன்னு பேராம். பன்வில பஸ்ல நீ அடிச்ச பெருமை பின் சீட்டு வரைக்கும் கேட்டுச்சு.

எனக்கென்ன தெரியும், கவ்வாத்துக் கத்தி புடிச்ச கை. இருந்தாலும் கொஞ்சம் விசாரிச்சேன்.

கொப்பி பண்ணினது ஒரு நேரத்துல ஒண்ணுதான் நிக்குமாம்; அடுத்தது வந்தா முந்தினது போச்சு. 1970கள்ல ஜெரொக்ஸ் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்துல லாரி டெஸ்லர்னு ஒருத்தர் கூட்டாளியோட சேர்ந்து இந்த வெட்டி ஒட்டுற வித்தையச் செஞ்சு வெச்சாரு. அவரு 2020ல போய்ச் சேர்ந்துட்டாரு, நீ இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்க. 2018ல விண்டோஸ் 10காரன் இரக்கப்பட்டு, விண்டோஸ் சாவியோட ‘வி’ய அமுக்கினா கடைசி 25ஐக் காட்டுற மாதிரி பண்ணிக் குடுத்தான். ஆனா குத்தி வெச்சதத் தவிர மத்ததெல்லாம் மெசின நிப்பாட்டிப் போட்டா காணாமப் போயிரும். அதுக்குத்தான் நீ ஸ்கிரிப்டு எழுதின. ஞாயந்தான், இதுவரைக்கும் நான் உன் கட்சி.

அப்புறம் நீ கடையில இல்லாத நேரம் உன் தங்கச்சி அந்தப் புத்தகத்தைத் தொறந்து காட்டினா. அடேயப்பா! மேல ஒரு கிழவியோட அடையாள அட்டை நம்பர். அதுக்குக் கீழ பாதிச் சிங்களக் கடிதம். அதுக்குக் கீழ பேங்க் பாஸ்வேர்ட், பச்சையா. அப்புறம் ‘சாப்பிட்டியா’, ‘சாப்பிட்டியா’, ‘சாப்பிட்டியா’. யாருக்குன்னு நான் கேக்கல, உன் அம்மா கேட்டா உன் பாடு. செக்கனுக்கு ஒரு தடவை எட்டிப் பாத்து, புதுசா எது கெடந்தாலும் அள்ளிப் போடுன்னு சொல்லி வெச்சிருக்க. அவனும் அள்ளுறான். பத்தாததுக்கு அந்தப் புத்தகம் இன்டர்நெட் வழியா உன் போனுக்கும் போகுதாம். ஊரான் விவரத்தைப் பாதுகாக்க 2022ல 9ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கு தம்பி. கிழவிக்கு அது தெரியாது. உனக்குத் தெரியணும்.

இன்னும் கேளு. ஸ்கூல் சுற்றறிக்கை ஒண்ணு ஒட்டியிருக்க. அது பாமினிங்கிற பழைய பொன்ட்டுல அடிச்சது. உன் புத்தகத்துக்கு பாமினி தெரியாதே! ‘அம்மா’ன்னு இருக்க வேண்டிய இடத்துல எம், கே, அரைப்புள்ளி, கே, எச்னு இங்கிலீஷ் எழுத்து நிக்குது. நீ நாளைக்கு ‘அம்மா’ன்னு தேடினா கெடைப்பாளா? முதல்ல யுனிகோடுக்கு மாத்திட்டு ஒட்டணும். பக்கம் முழுக்க வெறும் கேள்விக்குறியா இன்னொரு இடம். அது உன் ஸ்கிரிப்ட ஓட்டுற பழைய பவர்ஷெல் செஞ்ச வேலை. ‘ஆட்-கன்டென்ட்’ன்னு எழுதி, என்கோடிங் யூ.டி.எஃப்.-8னு சொல்லாம விட்டா தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாயிரும். பாமினியையாவது மாத்தலாம், கேள்விக்குறியா எழுதினது திரும்பி வராது.

என்ன முழிக்கிற? கவ்வாத்து வெட்டினவன் இதெல்லாம் படிக்கக் கூடாதா?

மலையில கொழுந்து நிறுக்கிற இடத்துல நின்னிருக்கியா? ரெண்டு இலையும் ஒரு மொட்டும் வந்தா சந்தோசம். முத்தல் இலையும் குச்சியுமா கூடைய நிரப்பிக்கிட்டு வந்தா கணக்கப்பிள்ளை ஒண்ணும் பேச மாட்டாரு, கிலோவக் கழிச்சிருவாரு. உன் புத்தகத்தக் கழிச்சுப் பாக்கத்தான் ஆள் இல்ல.

நம்ம சி.வி. வேலுப்பிள்ளையப் பாரு. 1947ல தலவாக்கலைக்கு எம்.பி.யா போனவரு. தோட்டத்துச் சனம் பாடுன பாட்டையெல்லாம் தேடிச் சேர்த்தாரு. 1983ல ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’னு புத்தகமா வந்துச்சு. காதுல விழுந்ததையெல்லாமா அவரு எழுதினாரு? லயத்து நாய் குலைச்சதையும் கங்காணி ஏசினதையும் பாட்டுக்கு நடுவுல ஒட்டியிருந்தா அதை யாரு படிப்பா?

வேலைக்காரனை நிப்பாட்டுன்னு நான் சொல்லல. எட்டிப் பாக்குற வேலைய மட்டும் நிப்பாட்டு. ஒரு சாவிய அவனுக்குக் குடு. நீ அதை அமுக்கினாத்தான் எடுக்கணும். எடுக்கிறப்போ ‘எதுக்கு?’ன்னு ஒரு வரி கேக்கட்டும். பதில் சொல்ல உனக்கே சோம்பலா இருந்தா அது வேண்டாத சாமான். தேதியும், எங்கேருந்து வந்துச்சுங்கிறதும் அவனே போட்டுக்குவான், அதுக்குச் சம்பளமா கேக்குறான்? புத்தகத்த அப்சிடியன்ங்கிற அப்புலதானே வெச்சிருக்க? அது வெறும் எழுத்துக் கோப்புதான். கோப்போட கடைசியில ஒரு வரி சேர்க்க யாருகிட்டயும் அனுமதி கேக்க வேணாம். நோட்பேட்ல தொறந்து நீயே களை புடுங்கலாம். மொதல்ல கிழவியோட நம்பரப் புடுங்கு. பாஸ்வேர்ட மாத்து, அழிச்சா மட்டும் பத்தாது.

சரி, அது கெடக்கட்டும். போன மாசம் என் முழங்காலுக்கு டொக்டர் எழுதின மருந்துப் பேர உன் போனுக்கு அனுப்பினேனே, ‘சேவ் பண்ணிட்டேன் மாமா’ன்னியே. எங்க இருக்கு? தேடு, தேடு, அவசரமில்ல. மடுல்கல பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்கு.