தடையில்லாச் சான்று வேண்டுபவர்

இந்திய விமானநிலையங்களின் பாதுகாப்புச் சோதனைக் கூடத்தில் அன்றாடம் காணக் கிடைக்கும் மாந்தர் வகைகளுள் தனித்த ஆய்வுக்கு உரியவர் ஓய்வுபெற்ற தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஆவார். வருவாய், பதிவு, கருவூலம், தணிக்கை ஆகிய துறைகளுள் ஏதேனும் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்குமேல் பிறருடைய தாள்களைச் சரிபார்த்து ஓய்வுபெற்ற இவர், மகளின் பேறுகாலத்தை முன்னிட்டு மனைவியுடன் நியூஜெர்சிக்கோ டல்லாசுக்கோ புறப்படும்போதுதான், தாம் சரிபார்க்கப்படும் நிலைக்கு முதன்முதலாக ஆளாகிறார். மற்றப் பயணிகள் சோதனையை ஒரு தொந்தரவாகக் கருதி எப்படியேனும் கடந்துபோக விரும்புகிறார்கள்; இவரோ அதை ஓர் அலுவலகமாகக் கருதுகிறார். அலுவலகம் என்றால் அங்கே விண்ணப்பம் உண்டு, பரிசீலனை உண்டு, முடிவில் ஒப்பமும் முத்திரையும் இட்ட ஆணை உண்டு என்பது அவருடைய அசையாத நம்பிக்கை.

பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே வீட்டின் கூடத்தில் ஆயத்தம் தொடங்கிவிடும். கொக்கியில் தொங்கவிட்டு எடை பார்க்கும் தராசு ஒன்றை அவர் வாங்கியிருப்பார். கைப்பை ஏழு கிலோவைத் தாண்டுகிறதா என்று காலையில் ஒருமுறையும், இரவில் எதுவும் சேர்க்கப்படாத நிலையிலும் மறுமுறையும் நிறுத்துப் பார்ப்பார். விதிகளைப் பொறுத்தவரை அவருடைய புலமை மறுக்க முடியாதது. பன்னாட்டுப் பயணத்தில் திரவமும் களிம்பும் பசையும் கைப்பையில் 100 மில்லிலிட்டர் கலங்களில்தான் செல்லலாம் என்பதையும், குளிர்பானப் புட்டிகளில் வெடித்திரவம் கொண்டுசெல்லத் தீட்டப்பட்ட சதி 2006 ஆகஸ்டில் லண்டனில் வெளிப்பட்டதிலிருந்து வந்த விதி இது என்பதையும், பால் பாக்கெட் போட வருபவரும் அறியும்படி அவர் எடுத்துரைப்பார். கொப்பரைத் தேங்காய் பெரிய பெட்டியிலும் போகக்கூடாது, ஏனெனில் எண்ணெய்ப்பசை மிகுந்த அந்தப் பொருளை வான்வழிச் சரக்கு விதிகள் தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள்களின் வகுப்பில் வைத்திருக்கின்றன. முழுத் தேங்காயைச் சபரிமலைப் பக்தர்கள் இருமுடியோடு விமானத்துக்குள் எடுத்துச்செல்ல 2022, 2024 ஆகிய ஆண்டுகளின் மண்டல, மகரவிளக்குக் காலங்களில் தற்காலிக அனுமதி தரப்பட்டது. இத்தகைய விலக்கும் விலக்குக்கு விலக்கும் அவருக்குத் தரும் இன்பம் அளவற்றது. எண்ணெய்ப் புட்டி பெரிய பெட்டிக்குள்ளும் கைபேசிக்கு மின்னேற்றும் பவர்பேங்க் கைப்பைக்குள்ளும் இருக்க வேண்டும், மாறி இருக்கக்கூடாது என்று அவர் மனைவிக்கு விளக்கும்போது குரலில் பழைய அலுவலகக் கம்பீரம் திரும்பிவிடுகிறது.

வரலாற்றையும் அவர் விட்டுவைப்பதில்லை. 1976 செப்டம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று லாகூருக்குக் கடத்தப்பட்டதைத் தொடர்ந்து, விமானப் பயணத்தின் பாதுகாப்பு விதிகளை வகுக்கும் மத்திய அமைப்பாகிய பி.சி.ஏ.எஸ். 1978 ஜனவரியில் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கப்பட்டது. ஆள் ஏறாமல் பெட்டி மட்டும் ஏறியதால் 1985 ஜூனில் கனிஷ்கா விமானம் வெடித்து 329 பேர் மாண்டபின், 1987-இல் அது தனித் துறையாயிற்று. 1999 டிசம்பரில் காந்தகார் கடத்தல் நடந்த பிறகு, மாநிலக் காவல்துறைகள் செய்துவந்த சோதனைப் பணி 2000-ஆம் ஆண்டில் ஜெய்ப்பூரில் தொடங்கி மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையிடம், அதாவது பயணிகள் சி.ஐ.எஸ்.எஃப். என்று அறியும் காக்கிச் சீருடையினரிடம், படிப்படியாகச் சென்றது. ஒவ்வொரு விதியும் நடந்து முடிந்த ஒன்றுக்குப் பிந்தித்தான் வருகிறது என்று அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1984 ஆகஸ்டில் மீனம்பாக்கத்தில் பெட்டிக்குள் இருந்த குண்டு வெடித்து முப்பது பேர்போல் இறந்ததை நினைவில் வைத்திருக்கும் தலைமுறையைச் சேர்ந்தவர் என்பதால், சோதனையே வேண்டாம் என்று அவர் ஒருபோதும் சொல்லமாட்டார். சோதனை இன்னும் முறையாக நடக்க வேண்டும் என்பதும், முறை எது என்று தம்மிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்பதுமே அவருடைய கட்சி.

இவ்வளவு ஆயத்தத்துடன் வருகிறவருக்குச் சோதனைக் கூடம் செய்யும் முதல் அநீதி, அவரை யாரும் எதுவும் கேட்காமல் இருப்பது. பிளாஸ்டிக் தட்டில் கைபேசி, பணப்பை, இடுப்புவார் ஆகியவற்றை வைத்தபடி, பைக்குள் பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, அரைக் கிலோ திருநெல்வேலி அல்வா ஆகியன உள்ளன என்று அவர் வாக்குமூலம் அளிக்கத் தொடங்குவார். வரிசையை நகர்த்துவதே கடமையாகக் கொண்ட வீரர் “ஆகே படியே” என்று இந்தியில் முன்னே நகரச் சொல்லி அடுத்த தட்டைத் தள்ளுவார். அவருடைய வாக்குமூலத்தை ஊடுகதிர்க் கருவி வேறு மொழியில் பதிவுசெய்துகொள்கிறது. இருவேறு ஆற்றல் கொண்ட கதிர்களைப் பாய்ச்சி, பொருள்கள் கதிரை எவ்வளவு விழுங்குகின்றன என்பதைக் கொண்டு வகைபிரிக்கும் அந்தக் கருவி, உலோகத்தை நீலமாகவும், இடைப்பட்ட பொருள்களைப் பச்சையாகவும், உணவு, தோல், காகிதம் போன்ற கரிமப் பொருள்களை ஆரஞ்சு நிறமாகவும் திரையில் காட்டும். வெடிபொருள்களும் பெரும்பாலும் கரிமச் சேர்மங்களே என்பதால் அவையும் ஆரஞ்சுதான். நெய்யில் கிளறி இறுகிய அரைக் கிலோ அல்வாவும் கெட்டியான ஆரஞ்சுதான். திரையின் முன் அமர்ந்திருப்பவர் பட்டையை நிறுத்திப் பின்னோக்கி ஓட்டி மறுபடி பார்க்கும்போது, தம்மைச் சந்தேகிக்கிறார்கள் என்று பயணியின் முகம் வெளிறுகிறது. உண்மையில் சில சமயம் சோதனைக்கு உள்ளாவது அந்தப் பணியாளரே: அவருடைய கவனத்தை அளப்பதற்காக, இல்லாத துப்பாக்கியின் படத்தை யாரோ ஒருவரின் பைக்குள் இருப்பதாகக் கருவியே இடையிடையே காட்டும் ஏற்பாடு ஒன்று உண்டு. தணிக்கைத் துறையில் இருந்தவருக்கு இது தெரிந்தால் அவர் மனம் ஆறுதல் அடையும்; தெரியாமல் இருப்பதே வரிசைக்கு நல்லது.

அடுத்தது உலோகம் உணரும் கதவுச் சட்டம். நம் நாட்டில் அது ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும் ஒவ்வொருவரும் அடுத்துள்ள சிறு மேடைமீது ஏறி நிற்க வேண்டும். காந்தப்புலத்தில் உலோகம் ஏற்படுத்தும் மாறுதலைக் கண்டு ஒலிக்கும் கைக்கருவியால் வீரர் ஒருவர் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்ப்பார். ஒரு காலத்தில் தம் மேசைக்கு முன்னால் பொதுமக்களை நிற்கவைத்தவர் அந்த மேடையில், தீபாவளிச் சட்டைக்கு அளவு கொடுக்கும் சிறுவனைப் போல இரு கைகளையும் விரித்து நிற்கிறார். கழுத்தில் தாயத்து ஒலிக்கிறது. இடுப்பில், தாயார் கட்டிவிட்டது என்பதால் அறுபது கடந்தும் அவிழ்க்காத வெள்ளி அரைஞாண் ஒலிக்கிறது. வலது முழங்காலில், அறுவை மருத்துவர் வைத்த உலோக மூட்டு எல்லாவற்றையும்விட உரக்க ஒலிக்கிறது. இந்தக் கட்டத்துக்காகவே அவர் மூட்டு மாற்று அறுவைக்கான மருத்துவச் சான்றிதழைப் பதிவுபெற்ற அதிகாரியின் சான்றொப்பத்துடன் மூன்று படிகள் எடுத்துக் கண்ணாடித்தாள் ஒட்டி வைத்திருக்கிறார். ஆனால் வீரர் தாளைப் பார்ப்பதில்லை, காற்சட்டையின் மேலாக முழங்காலை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறார். சான்றொப்பமிட்ட ஆவணத்தைப் பாராமல் தொட்டுப் பார்த்தே முடிவுக்கு வரும் நிர்வாகத்தின் எதிர்காலம் குறித்து அவர் கொள்ளும் கவலை தன்னலமற்றது. அவரைத் தேற்றுவது அப்துல் கலாமின் நினைவு ஒன்றே. சோதனையிலிருந்து விலக்குப் பெற்றவராக இருந்தும், முன்னாள் குடியரசுத் தலைவரை 2009 ஏப்ரலில் தில்லியில் ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தின் ஊழியர்கள் சோதித்தபோது அவர் மறுப்பின்றி உடன்பட்டார் என்பதை, மேடையிலிருந்து இறங்கியதும் அருகில் இருப்பவருக்கு அவர் தெரிவிப்பார்.

இதே நேரத்தில், திரையிட்ட பெண்கள் அறைக்குள் சென்ற அவர் மனைவியின் நிலை முற்றிலும் வேறு. தாலிச் சங்கிலி, எட்டு வளையல், மெட்டி, கொண்டை ஊசிகள் என்று அவர்மீது ஒலிக்காத இடமே இல்லாததால், ஒலிப்பதைப் பற்றி அவருக்கு அச்சமும் இல்லை. தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசும்படி கேட்டதற்கு, “நீங்கள் இந்தியரா?” என்று பெண் அதிகாரி ஒருவர் தம்மைக் கேட்டதாக நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி 2020 ஆகஸ்டில் வெளியிட்ட செய்தி பெரும் விவாதமாயிற்று, அந்த விவாதத்தைக் கணவர் தேதிவாரியாக ஒப்பிப்பார். மனைவியோ தமிழில் பேசிக்கொண்டே உள்ளே போய், இந்தியில் விடைபெற்று வெளியே வரும்போது, அந்தப் பெண் காவலர் ஜார்க்கண்டைச் சேர்ந்தவர், பிள்ளையை மாமியாரிடம் விட்டு வந்திருக்கிறார், முதுகுவலிக்குத் தைலம் தேய்க்க நேரமில்லை என்ற விவரங்களையெல்லாம் அறிந்திருப்பார். எந்த மொழியில் அறிந்தார் என்பது இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

கணவரின் ஆழ்ந்த துயரத்துக்கு வேறொரு காரணம் உண்டு. முன்பெல்லாம் கைப்பையில் கட்டப்பட்ட சீட்டில், சோதனை முடிந்ததற்கு அடையாளமாக முத்திரை குத்துவார்கள். முத்திரை விழாத பையுடன் வந்தவர் விமானத்தின் வாயில்வரை போய்த் திரும்பிய காலம் அது. 2017 ஏப்ரலில் தில்லி, மும்பை, பெங்களூரு உள்ளிட்ட ஏழு நிலையங்களில் தொடங்கி அந்த வழக்கம் நீக்கப்பட்டது. பயணிகள் பெரும்பாலோர் இதைக் கவனிக்கவே இல்லை, கவனித்தவர் மகிழ்ந்தனர். இவருக்கு மட்டும் உலகில் தாம் குற்றமற்றவர் என்று எழுத்துமூலம் சொல்ல இருந்த ஒரே அதிகாரமும் போயிற்று. அந்தக் காலச் சீட்டுகளுள் இரண்டை, மை மங்கிய நிலையிலும், பையின் கைப்பிடியிலிருந்து அவர் இன்னும் கழற்றவில்லை.

இத்தனையையும் பொறுத்துக்கொள்ளும் அவரை நிலைகுலையச் செய்வது பிரசவ லேகியம். புறப்படும் நாளன்று காலையில் சித்தி கிளறிக் கொடுத்தது என்பதால், பூட்டிய பெரிய பெட்டியைத் திறக்க மனமின்றி, 250 மில்லிலிட்டர் புட்டியில் கால்வாசி அளவு லேகியம் கைப்பைக்குள் ஏறிவிடுகிறது. உள்ளே இருப்பது 100 மில்லிலிட்டருக்கும் குறைவே என்று அவர் வாதிடுகிறார். கணக்கில் கொள்ளப்படுவது கலத்தின் கொள்ளளவுதான், உள்ளிருப்பின் அளவன்று என்ற விதியை அவருக்கே எடுத்துச் சொல்கிறார் அவருடைய பேரன் வயதுள்ள உதவி ஆய்வாளர். லேகியம் திரவமும் அன்று, களிம்பும் அன்று, அது மருந்து என்பது அவருடைய அடுத்த வாதம். மருந்தென்றால் மருத்துவர் சீட்டு எங்கே என்ற வினாவுக்கு, மூன்று படிகள் எடுக்கும் அந்த மனிதரிடம் ஒரு படிகூட இல்லை. புட்டி குப்பைத்தொட்டிக்குள் போகிறது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, போனதற்குத் தாள் எதுவும் இல்லை என்பது. பொருளைக் கைப்பற்றினால் இரு சாட்சிகள் முன்னிலையில் மகஜர் எழுதி, கைப்பற்றப்பட்டவரிடம் ஒரு படி கொடுக்க வேண்டும் என்பதைப் பணிக்காலம் முழுவதும் கடைப்பிடித்தவர், மகஜர் இன்றி ஒரு புட்டி அரசின் வசம் போவதைக் கண்முன்னே காண்கிறார்.

வழியில் லண்டனிலோ பிராங்க்பர்ட்டிலோ நடக்கும் மறுசோதனையும், அமெரிக்காவை நோக்கிய விமானங்களில் கைப்பையிலுள்ள பொடி 350 மில்லிலிட்டரைத் தாண்டினால் தனியே பார்க்கப்படும் என்ற 2018-ஆம் ஆண்டு ஏற்பாடும் இதற்குப்பின் அவரை அசைப்பதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் பயணத்தில் கழற்ற எளிதாக இருக்கட்டும் என்று கயிறில்லாத காலணி வாங்கியிருந்தார். 2025 ஜூலையில் அந்நாட்டு அரசு காலணி கழற்றும் கட்டாயத்தையே நீக்கிவிட்டதைக்கூட அவர் ஒரு பெருமூச்சோடு ஏற்றுக்கொண்டார். மகஜர் மட்டும் மனத்தைவிட்டு அகலவில்லை.

ஊர் திரும்பியதும் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ், லேகியம் எவ்வகைப் பொருள் என்றும், அப்புறப்படுத்தப்பட்ட லேகியத்தின் இருப்புப் பதிவேடு எங்கே உள்ளது என்றும் ஏழு வினாக்கள் கொண்ட மனுவை அவர் பதிவுத் தபாலில் அனுப்புகிறார். அச்சட்டத்தின் 24-ஆம் பிரிவும் இரண்டாம் அட்டவணையும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக்கு விலக்கு அளிப்பதால் தகவல் தர இயலாது என்று விடை வருகிறது. இந்த விடையால் மற்றவர் சோர்ந்துபோவார்கள். இவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதே பிரிவை முழுவதும் படிக்கிறார். ஊழல் குற்றச்சாட்டுக்கும் மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுக்கும் அந்த விலக்கு பொருந்தாது என்ற வரம்புரை கண்ணில் படுகிறது. பிள்ளை பெற்றவளுக்குக் கொண்டுசென்ற லேகியத்தைத் தடுத்தது மனித உரிமை மீறலே என்று நிறுவும் முதல் மேல்முறையீட்டின் வரைவு இப்போது பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் பேறுகாலத்துக்கு நாள் நெருங்குவதால் அவர் மனைவி அதற்குள் புதிய லேகியத்தைப் பெரிய பெட்டியில் புடைவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டிவிட்டார்.