கண்டிக்கு ஓடியவர்கள், கண்டியிலிருந்து ஓடியவர்கள்

வருடம் தவறாமல் நடக்கும் மாநகர் மரதன்களில் மூத்தது பொஸ்டனுடையது, 1897இல் தொடங்கியது என்று விளையாட்டு நூல்கள் சொல்லும். கண்டிக்காரர் இதற்கு இன்னும் ஆட்சேபம் தெரிவிக்காதது அவர்களுடைய பெருந்தன்மை. பொஸ்டனுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டியில் மரதன் களைகட்டிவிட்டது. வெளிநாட்டு வீரர்கள் கப்பலேறி வந்து கலந்துகொண்டார்கள். பதக்கம், சான்றிதழ், இலவச ரீசேர்ட் எதுவும் கிடையாது. நுழைவுக் கட்டணம்தான் கொஞ்சம் அதிகம். பலர் உயிரைக் கட்டினார்கள்.

விதிகள் சுருக்கமானவை. கரையோரத்தில் விரும்பிய இடத்திலிருந்து புறப்படலாம். செங்கடகல என்ற கண்டி நகரைத் தொட வேண்டும். பிறகு உயிரோடு கரைக்குத் திரும்ப வேண்டும். முதற்பாதி ஏற்றம், மறுபாதி இறக்கம். மற்ற ஊர்களில் ஏற்றத்தில்தான் ஆள் கவிழ்வார். கண்டியில் இறக்கத்தில்.

அகலமான பாதை போடக்கூடாது என்பது கண்டி அரசர்களின் உறுதியான பொதுப்பணிக் கொள்கை. ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கலாம். கணவாய்களில் முட்கதவு. அவசரம் என்றால் மரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிடுவார்கள். வரவேற்புக் குழுவில் அட்டைகளும் உண்டு. மழை விட்ட காட்டில் இலை நுனியில் நூல் துண்டுபோல் எழுந்து நிற்கும் அட்டை, காலுறையின் இழைகளுக்குள் எப்போது நுழைந்தது என்று யாருக்கும் தெரியாது. சப்பாத்துக்குள் பிசுபிசுத்த பிறகுதான் அது மழைத்தண்ணீர் இல்லை என்று விளங்கும். பிய்த்து எறிந்தாலும் கடிவாயில் இரத்தம் சட்டென்று நிற்காது. உள்ளூர்க்காரன் வெறுங்காலில் எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு போய்விடுவான். பிரபு வம்சத்துக் கப்பித்தானுக்கோ பூட்சைக் கழற்றிப் பார்க்கவும் அவகாசமிராது. பற்றைக்குள்ளிருந்து அம்பு வந்துகொண்டிருக்கும்.

ஏற்பாட்டுக் குழுவின் தந்திரம் இன்னும் எளிது. விருந்தாளிகள் வருகிறார்கள் என்ற செய்தி கிடைத்ததும் அரசர் புத்தரின் புனித தந்தத்தை எடுத்துக்கொண்டு, ஊரைக் காலி செய்துவிட்டு மலைக்குள் போய்விடுவார். வந்தவன் ஆளில்லாத அரண்மனையில் உட்கார்ந்து, ‘பிடித்துவிட்டேன்’ என்று கடிதம் எழுதுவான். அரிசி தீரும். மழை பிடிக்கும். காய்ச்சல் வரும். அப்போதுதான் போட்டி ஆரம்பம்.

தொடக்க ஓட்டத்தை 1594இல் போர்த்துக்கேயத் தளபதி பேத்ரு லோபஸ் த சூசா ஓடி வைத்தார். கண்டி அரச வாரிசான குசுமாசன தேவியை, தொனா கதரீனா என்ற ஞானஸ்நானப் பெயரோடு, முடிசூட்டக் கூட்டி வந்தார். அரசியை முன்னால் விட்டால் ஊர் பின்னால் வரும் என்பது கணக்கு. ஊர் வரவில்லை. கூட வந்த உள்ளூர்ப் படைத்தலைவன் ஜயவீரமீது சந்தேகம் வந்து அவனைத் தீர்த்துக்கட்டினார்கள். அவனுடைய லஸ்கரின் படை காட்டுக்குள் கரைந்துபோனது. மிஞ்சியவர்கள் இறங்கத் தொடங்க, ஒக்டோபர் 9ஆம் திகதி தந்துரையில் எல்லாம் முடிந்தது. வென்ற கண்டி அரசர் விமலதர்மசூரியன் முன்னாளில் போர்த்துக்கேயரிடம் ஞானஸ்நானம் பெற்றுப் பயிற்சியும் எடுத்தவர். படித்ததை வாத்தியாருக்கே ஒப்பித்துக் காட்டிவிட்டு, இளவரசியையும் மணந்துகொண்டார். பெண் அழைத்து வந்த செலவு லிஸ்பனுக்கு, கலியாணம் கண்டிக்கு.

1602இல் வந்த ஒல்லாந்தர் ஸ்பில்பர்கன் மட்டும் விதியைச் சரியாகப் படித்திருந்தார். படையோடு வராமல் பரிசோடு வந்தார். அரச உபசாரத்தோடு திரும்பினார். இதிலிருந்து யாரும் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை.

1638இல் போர்த்துக்கேயத் தளபதி தியோகு த மெலோ. சண்டைக்குக் காரணம் ஒரு யானை என்கிறார்கள். இரண்டாம் இராஜசிங்கன் ஒரு போர்த்துக்கேய வியாபாரிக்கு யானையைப் பரிசளித்தாராம்; அதை த மெலோ பறித்துக்கொண்டாராம்; பதிலுக்கு அரசர் த மெலோ விற்க அனுப்பிய இரண்டு குதிரைகளைப் பிடித்து வைத்துக்கொண்டாராம். யானையும் குதிரையும் கொட்டகையில் வைக்கோல் மென்றுகொண்டிருக்க, மனிதர்கள் மலையேறினார்கள். ஊர் வழக்கம்போல் காலி. கொளுத்திவிட்டுத் திரும்பினார்கள். மார்ச் 28ஆம் திகதி கன்னொறுவையில் அரசர் காத்திருந்தார். தப்பியவர்கள் சில டசின் பேர்தான். பேராதனைப் பூங்காவுக்கு எதிர்க்கரையில் இன்று விவசாயத் திணைக்களத்தார் நெல்லும் மரக்கறியும் ஆராய்கிறார்களே, அந்தக் கன்னொறுவைதான். மண் வளத்துக்கு எருவிட்டவர்கள் யார் என்று அறிவித்தல் பலகை எதுவும் சொல்வதில்லை.

இந்த இராஜசிங்கன் காலத்தில்தான் மிக மெதுவான ஓட்டமும் நடந்தது. 1660இல் மூதூர்ப் பக்கம் கொட்டியாரத்தில் கப்பலைப் பழுதுபார்க்க ஒதுங்கிய ஆங்கிலேயரை அரசரின் ஆட்கள் பிடித்துக் கண்டிக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவன் பத்தொன்பது வயது றொபர்ட் நொக்ஸ். சிறையில்லை, சங்கிலியில்லை, நாட்டைவிட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதான். நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். கடன்காரரை விரட்டி வசூலித்தார். ஊரோடு ஒத்து வாழ்வது என்பது இதுதான். ஒரு கட்டத்தில் பயிற்சியும் தொடங்கினார்: புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் என்று மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே ஊர் ஊராக வியாபாரம். விற்றது சீப்பு, பார்த்தது பாதை. 1679 செப்டம்பரில் ஸ்டீபன் றட்லண்ட் என்ற தோழரோடு புறப்பட்டவர், அநுராதபுரம் கடந்து, மல்வத்து ஓயாக் கரையோரமாக யானைக்காட்டுக்குள் நடந்து, ஒக்டோபர் 18ஆம் திகதி மன்னார்ப் பக்கம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். மொத்த நேரம் பத்தொன்பதரை ஆண்டு. 1912 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக் மரதனில் பாதியில் விலகி, 1967இல் திரும்பிப் போய் ஓடி முடித்த ஜப்பானியர் கனகுரிக்கு ஐம்பத்துநான்கு ஆண்டு பிடித்தது உண்மை. ஆனால் அவருக்கு நடுவில் யாரும் நெல் வட்டி பாக்கி வைக்கவில்லை.

1765இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக் வந்தார். அரசர் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், மதுரை நாயக்கர் வழிவந்தவர், விதிப்படி மலையேறினார். வான் எக் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு கொழும்புக்கு இறங்கி ஏப்ரல் முதலாம் திகதி காலமானார். விட்டுப்போன காவற்படையும் அதே ஆண்டில் வெளியேறியது. சுருட்டியதில் ஓர் அலங்காரப் பீரங்கி ஆம்ஸ்டர்டாம் றைக்ஸ் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டு 2023 டிசம்பரில் இலங்கைக்குத் திரும்பியது. கண்டிக்குப் படையோடு வந்த ஒல்லாந்தருக்குக் கிடைக்காத பத்திரமான பயணம் பீரங்கிக்குக் கிடைத்தது.

அடுத்து ஆங்கிலேயர். 1803 பெப்ரவரியில் ஜெனரல் மக்டவல் வந்து, காலியான ஊரில் முத்துசாமி என்ற நாயக்க இளவரசரை அரசராக உட்காரவைத்தார். குடிமக்கள் இல்லாத அரசர்; புரட்சி வராது என்ற உத்தரவாதம் உண்டு. மக்டவல் இறங்கிப் போனார். மேஜர் டேவி காய்ச்சற்காரர்களோடு மாட்டிக்கொண்டார். யூனில் சரணடைந்து புறப்பட்டவர்களை வட்டபுளுவவில் மகாவலி மறித்தது. ஆறு பெருகியிருந்தது, வள்ளம் இல்லை. முத்துசாமியை ஒப்படைத்தால் வழிவிடுவோம் என்றார்கள். ஒப்படைத்தார்கள். இளவரசரும் கொல்லப்பட்டார், படையும் வெட்டி வீழ்த்தப்பட்டது. வென்றவரும் தோற்றவரும் பெருமைப்பட இதில் எதுவுமில்லை.

அந்தக் குவியலிலிருந்து எழுந்தவன் கோப்ரல் பார்ன்ஸ்லி. கழுத்தில் வெட்டு. நிமிராத தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மகாவலியை நீந்திக் கடந்து மாத்தளைக் கோட்டைக்குப் போய்ச் செய்தி சொன்னான். கிரேக்கத்து மரதன் கதையில் ஓடியவன் வெற்றிச் செய்தியைச் சொல்லிவிட்டுச் சரிந்து விழுந்து செத்தான். கண்டிக் கதையில் தோல்விச் செய்தி, முக்கால் தலை, ஆனால் ஆள் பிழைத்துக்கொண்டான். செய்தி கேட்ட கோட்டைத் தளபதி நடக்கக்கூடியவர்களைக் கூட்டிக்கொண்டு அங்கிருந்தே திருகோணமலைக்கு ஓட்டம் பிடித்தார்.

மரதன் உலகின் உச்சக் கோமாளித்தனம் 1904 சென் லூயிஸ் ஒலிம்பிக் என்பார்கள். ஒருவர் நடுவழியில் காரில் ஏறிப் போனார். வென்றவருக்கு ஊக்கமாக ஊட்டப்பட்டது நம்மூர்க் காஞ்சிரங்கொட்டையில் இருக்கும் அதே விஷம். ஆனால் அதற்குச் சரியாக நூறு ஆண்டுக்கு முன் கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டன் அதைத் தாண்டிவிட்டார்.

1804இல் ஆறு படைகள் ஆறு திசையிலிருந்து கண்டியில் சந்திப்பதாகத் திட்டம். மட்டக்களப்பில் இருந்த ஜோன்ஸ்டனுக்கும் அறிவித்தல் போனது. பிறகு கொழும்பில் யோசித்துப் பார்த்தார்கள்: மழை, ஆறு, போன வருட அனுபவம். திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த கடிதம் எழுதப்பட்டிருந்த அழகில் ஜோன்ஸ்டன் அதைப் ‘புறப்படு’ என்று படித்தார். அரசாங்கக் கடிதம் படித்துப் பழகியவர்கள் அவரைக் குறை சொல்லமாட்டார்கள்.

சுமார் 300 சிப்பாய்களோடு செப்டம்பரில் கிளம்பினார். வழியெல்லாம் பற்றைக்குள்ளிருந்து வெடி. ஒக்டோபர் தொடக்கத்தில் கண்டியை அடைந்தால் ஊர் காலி, அது எதிர்பார்த்ததுதான். மற்ற ஐந்து படைகளையும் காணவில்லை, அது எதிர்பாராதது. அரண்மனையில் தங்கி, மேற்கே பார்த்துக் காத்திருந்தார். போட்டி இரத்தானது ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஓடி முடித்தவருக்குத் தெரியாது. அறிவித்தல் வராத ஓட்டக்காரருக்குத் தோட்டா மட்டும் ஒழுங்காக வந்தது. இனிப் பொறுத்தால் டேவியின் கதிதான் என்று புரிந்ததும் திருகோணமலைப் பக்கம் திரும்பினார். காயக்காரரைத் தூக்கிய கூலிகள் போட்டுவிட்டு ஓட, சிப்பாய்களே மாறி மாறித் தூக்கினார்கள். ஒக்டோபர் பிற்பகுதியில் படையின் பெரும்பகுதியோடு வந்து சேர்ந்தார். இன்றைய வீதிக் கணக்கில் போக வர 350 கிலோமீற்றருக்குக் குறையாது, எட்டு மரதன். கண்டி ஓட்டத்தைப் படையையும் கூட்டிக்கொண்டு விதிப்படி ஓடி முடித்த தளபதி, போட்டி இரத்தான சங்கதியே தெரியாமல் ஓடிய மனிதர்தான். 1810இல் இதைப் புத்தகமாகவும் எழுதினார். ஓடி முடித்தவர்கள் பேசாமல் இருக்கமாட்டார்கள் என்பதற்கு அப்போதே சாட்சி.

கடைசியில் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தது ஓடியல்ல. ஜோன் டொயிலி என்ற அதிகாரி வருடக்கணக்காக ஒற்றரை வைத்துப் பிரதானிகளைப் பேசிப் பேசிக் கரைத்தார். அரசரும் தன் பங்குக்குப் பிரதானிகளைப் பகைத்துக்கொண்டார். ஏற்பாட்டுக் குழு எதிரணிக்கு மாறிய பிறகு, 1815இல் பெரிய சண்டையே இல்லை. பெப்ரவரி 18ஆம் திகதி மெதமகாநுவரப் பக்கம் பிடிபட்ட ஸ்ரீவிக்கிரம இராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார். அவர் வெட்டுவித்த கண்டி வாவியைச் சுற்றித்தான் இன்று விடிகாலையில் தொப்பை குறைக்க ஊரே ஓடுகிறது.

ஆங்கிலேயர் செய்த முதல் வேலை பாதையை அகலமாக்கியது. கடுகண்ணாவை மலையை வெட்டி வீதி. அதை அமைத்த கப்டன் டோசனுக்கு மலையுச்சியில் ஒரு கோபுரம். 1867இல் கோச்சியும் வந்தது. மரதன் முடிந்தது என்று நினைத்தால், உண்மையான ஓட்டக்காரர்கள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தார்கள்.

1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் போட்டதும் தமிழ்நாட்டிலிருந்து ஆள் பிடித்தார்கள். அன்றைய கிராமத்தாருக்கு இலங்கை மலைநாடு முழுவதும் கண்டிச் சீமைதான். தூரைக் கிண்டினால் தேங்காயும் மாசியும் என்று ஆசை காட்டப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். நொக்ஸ் ஓடி வந்த திசைக்கு நேர் எதிர்த்திசை. தலையில் சட்டி, இடுப்பில் பிள்ளை, பின்னால் கங்காணி. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்கு ஒழுங்கான பட்டியல்கூட இல்லை. நொக்ஸ் புத்தகம் எழுதினார். ஜோன்ஸ்டன் எழுதினார். பார்ன்ஸ்லியின் கழுத்து வெட்டுக்கும் குறிப்பு இருக்கிறது. இவர்களுக்கு நேரம் குறித்தவர் எவருமில்லை.

இவர்களும் கண்டி விதிக்குத் தப்பவில்லை. 1948இல் குடியுரிமை போனது. 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். யானைக்கும் குதிரைக்கும் நடந்த பேரம்கூட இதைவிட மரியாதையாக நடந்தது. தலைமுறை தலைமுறையாக மலையை வெட்டி நட்டவர்களைக் கோச்சியில் தலைமன்னாருக்கு அனுப்பி, இறக்கத்திலும் ஓடவைத்தார்கள்.

படையோடு வந்த பெரிய மனிதர்கள் பலரும் கண்டியைத் தொட்டதை வெற்றி என்று நினைத்து மண்ணைக் கவ்வினார்கள். எதையும் பிடிக்க வராமல், கூலிக்கு நடந்து வந்து, விரட்டியும் மிஞ்சி இன்றும் மலையில் நிற்பவர்கள்தான் இந்த ஓட்டத்தை வென்றவர்கள். அந்தப் பாதையில் 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபவனி கிளம்பி, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. மலையகத்தாரின் இருநூறு ஆண்டு நினைவாக. அடுத்த முறை நடந்தால் நீங்களும் ஒரு நாளாவது கூட நடந்து பாருங்கள். நடக்க முடியாதவர்கள் வீதியோரத்தில் நின்று தண்ணீராவது கொடுங்கள். முதல் தடவை அதைக் கொடுக்க ஆளில்லை.