இரும்புக்குள் ஒரு பர்கர்

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பழநகரில் கெட்ரைடெகாஸே என்றொரு ஒடுங்கிய கடைத்தெரு. மோட்சார்ட் பிறந்த வீடு 9-ஆம் எண். அண்ணாந்தால் தலைக்கு மேல் கொல்லர் அடித்த இரும்புக் கொடிகளும் சுருள்களும் பொன்முலாம் பூசிய அடையாளங்களும்தான். மெக்டொனால்ட்ஸ்கூட இங்கே அடக்க ஒடுக்கமாக, இரும்பு வேலைப்பாட்டுக்குள் தன் 'எம்' எழுத்தைச் சொருகி வைத்திருக்கிறது. 1967-இல் பழநகரைக் காக்கச் சட்டம். 1996-இல் யுனெஸ்கோ பட்டியல். இவ்வளவு மரியாதையும் எதற்கு? அந்தக் காலத்து விளம்பரப் பலகைக்கு! எழுத்தறியாதவருக்கும் கடை தெரியட்டும் என்று சாவியையும் செருப்பையும் தெருவுக்கு நீட்டித் தொங்கவிட்டவர், கலை வளர்க்கவா தொங்கவிட்டார்? நமது ஃபிளெக்ஸ் பேனரும் முந்நூறு ஆண்டு கிழியாமல் தாக்குப்பிடித்தால் பாரம்பரியம் ஆகிவிடும். நல்லவேளை, ஒரு மழைக்கே தாங்காது.

பலகை பழைய பாணியில்தான் இருக்க வேண்டும் என்று விதித்தால் வியாபாரியின் சுதந்திரம் என்னாவது என்பார்கள். எல்லாரும் கத்தினால் யார் குரலும் கேட்காது. எல்லாரையும் ஒருசேர மெல்லப் பேசச் சொல்வது அநியாயம் இல்லை. ஆனால் உலகறிந்த 'எம்' கட்டைவிரல் அளவில் இருந்தாலும் குழந்தை கண்டுபிடித்துவிடும். நேற்றுத் திறந்த தையல்கடைக்கு அந்த வசதி ஏது? அந்த ஆட்சேபத்துக்கு என்னிடம் பதில் இல்லை. விதி பலகையின் உடுப்பைத்தான் பார்க்கிறது, உள்ளே விற்கும் சரக்கை அல்ல. பூட்டுக்காரர் போனாலும் இரும்புக்குக் கவலையில்லை. அடுத்து வருபவர் பர்கர் விற்கலாம், பலகை மட்டும் பூட்டுக்காரர் காலத்து மிடுக்கோடு தொங்க வேண்டும்.