லாயத்தில் மூக்கை நுழைக்கலாம்

ராயபுரத்திலிருந்து ஒரு வாசகர்: கல்யாண ஊர்வலத்துக்கு சாரட் வண்டி இழுக்க ஒரு குதிரை வாங்கியிருக்கிறேன். வீட்டில் கட்ட இடமில்லை. எந்த லாயத்தில் விடுவது?

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கக்கூடாது என்பார்கள். லாயத்தில் தாராளமாக நுழைக்கலாம். விடிகாலையில், கூட்டிப் பெருக்குவதற்கு முன்னால் போங்கள். தரையருகே குனிந்து மூச்சை இழுங்கள். கண் எரிந்தால் அது மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா. நீங்கள் உடனே வெளியே வந்துவிடுவீர்கள். குதிரை இராத்திரி முழுக்க அதையேதான் சுவாசிக்கிறது. அமோனியா நெடி எப்படியிருக்கும் என்று எண்ணூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் குழாய் கசிந்து, ஜனங்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். லாயத்தில் கட்டிக்கிடக்கும் ஜீவன் எங்கே ஓடும்?

எண்ணூர் வாசகர்: கன்டெய்னர் லாரிகள் நிற்கிற யார்டை ஒட்டி ஒரு கொட்டகை மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

வேண்டாம். குதிரைக்கு வாயால் மூச்சு விட வராது. மூக்கு ஒன்றுதான் வழி. லாரிப் புழுதியும் புகையும் நேராக நுரையீரலுக்குப் போகும்.

திருவொற்றியூர் வாசகர்: "கொள்ளு கொட்டிக் கொடுப்பேன்" என்கிறார் லாயக்காரர். நம்பலாமா?

கொள்ளு இருக்கட்டும், புல் எவ்வளவு என்று கேளுங்கள். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு கிலோ காய்ந்த புல்லாவது வேண்டும். அதையும் பிரித்துப் பிரித்துப் போடவேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒரே வேளையில் தானியத்தைத் திணித்தால் வரும் வயிற்றுவலி உயிரையே வாங்கிவிடும். 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்குக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்திறங்கின. அவற்றில் பெரும்பாலானவை வளர்க்கத் தெரியாமலே செத்தன என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். சோற்றையும் கறியையும் வேகவைத்துப் போட்டார்களாம். லாடம் அடிக்க ஆளில்லையாம். அத்தனை பொன் கொடுத்து வாங்கிய ராஜாக்கள் கவனிப்பில் கோட்டை விட்டார்கள்!

தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் கடல்நீர் ஏறி உப்புக்கரிக்கும் போர்த் தண்ணீர் அதிகம். ஒரு குதிரை நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் குடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் கூடும். தண்ணீர் லாரி வராத நாளில் என்ன செய்வார் என்று கேட்டுவிடுங்கள்.

காசிமேடு வாசகர்: பகலில் என் குதிரையை வண்டியில் பூட்டிக்கொண்டு, வாடகையில் கழித்துக்கொள்வதாகச் சொல்கிறார் லாயக்காரர். லாபம்தானே?

அவருக்கு. வண்டி இழுக்கும் மிருகங்களுக்கென்று 1965ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் உண்டு: நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, இடைவிடாமல் ஐந்து மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் ஊரில் பகல் 12 முதல் 3 வரை வண்டியில் பூட்டவே கூடாது. சென்னையின் மே மாதம் உங்களுக்குத் தெரியும். உங்கள் கண்ணுக்கு மறைவில் இந்தக் கணக்கை யார் பார்ப்பார்கள்? ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தண்டையார்பேட்டை வாசகர்: இரண்டு லாயமும் எல்லாவற்றிலும் சமம் என்றால்?

வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குச் சீக்கிரம் போய்ச்சேர எது வசதி என்று பாருங்கள். அதைவிட முக்கியம், ராத்திரி அங்கே யார் படுக்கிறார் என்பது. வயிற்றுவலி நடுநிசியிலும் வரும். குதிரை புரண்டு புரண்டு துடிக்கும்போது டாக்டருக்குப் போன் போட ஒரு ஆள் வேண்டும். "கேட்டைப் பூட்டிவிட்டுப் போய்விடுவோம்" என்று பதில் வந்தால், அந்த லாயம் வேண்டாம்.