மூச்சுக்குக் காத்திருக்கும் மெஷின்

நுரையீரல் புற்றுக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொள்ள வந்தவர்களிடம் அன்று நாங்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ஆடாம அசையாம படுங்க." கோபால்ட் மெஷின் அறையில் டெக்னீஷியனாக நான் சேர்ந்த காலம் அது. பாவம், சொன்னபடியே கிடப்பார்கள். கைவிரல்கூட அசையாது. உள்ளே கட்டி மட்டும் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

அது தெரியாத விஷயமல்ல. கதிர் வைக்குமுன் இடம் குறிக்கும் சிமுலேட்டரின் திரையில் எல்லோரும் கண்ணால் பார்த்ததுதான். உதரவிதானத்தை ஒட்டிய கீழ்மடலில் கட்டி இருந்தால் அதன் நிழல் ஒரு சென்டிமீட்டர், சிலருக்கு இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல், போய்ப் போய் வரும். டாக்டர் எக்ஸ்ரே பிலிமில் மெழுகுப் பென்சிலால் கட்டியைச் சுற்றிக் கோடு போடுவார். அசைவையும் சேர்த்துப் பிடிக்க அதற்கு வெளியே இன்னொரு கோடு. 3 செ.மீ. விட்டமுள்ள கட்டிக்குச் சுற்றிலும் 1.5 செ.மீ. கூட்டினால் விட்டம் 6 செ.மீ. ஆகும். கன அளவோ எட்டு மடங்கு! கூடுதலாக வந்த ஏழு பங்கில் பெரும்பகுதி நோயில்லாத நுரையீரல். வாரம் ஐந்து நாளாக ஆறு வாரம் வந்து 60 கிரே அளவு கதிர் வாங்கி முடித்தவர், சில மாதங்களில் வறட்டு இருமலும் இரைப்புமாகத் திரும்பி வருவார். ஸ்டீராய்டு எழுதிக் கொடுப்பார்கள். அந்த இருமலைக் கேட்கும்போதெல்லாம் வெளிக்கோடுதான் என் கண்முன் வரும்.

சி.டி. ஸ்கேன் வந்த பிறகும் இந்தச் சிக்கல் தீரவில்லை. மூச்சு ஓடும்போது எடுத்த படத்தில் கட்டி சில சமயம் கிழித்து ஒட்டிய காகிதம் மாதிரி விழும். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஷிராட்டோ குழுவினர் 1990களின் கடைசியிலேயே கட்டியருகே 2 மி.மீ. தங்கக் குண்டைப் பதித்து, அதை நொடிக்கு 30 முறை எக்ஸ்ரேயில் பார்த்து, குண்டு சரியான இடத்துக்கு வரும்போது மட்டும் கதிரைப் பாய்ச்சினார்கள். 2006இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 76ஆம் பணிக்குழு, அசைவு 5 மி.மீ.க்கு மேல் போனால் அதைக் கட்டுப்படுத்தும் வழியை யோசிக்க வேண்டும் என்று அறிக்கை தந்தது. நோயாளியால் தாங்க முடிய வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்தே சொன்னது.

இன்று வயிற்றின் மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டியை வைக்கிறோம். அதில் ஒளியைத் திருப்பியனுப்பும் புள்ளிகள். கால்மாட்டில் அகச்சிவப்புக் கேமரா. பெட்டி ஏறி இறங்குவது திரையில் அலையாக ஓடும். நாற்பரிமாண சி.டி. ஒரு மூச்சை வழக்கமாகப் பத்துக் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கட்டி எங்கே நிற்கிறது என்று காட்டிவிடும். ஆழமாக இழுத்து இருபது நொடி போலப் பிடிக்க முடிந்தவர்களுக்கு, பிடித்திருக்கும்போது மட்டும் கதிர். ஓரத்தில் உள்ள சிறு கட்டி, ஆபரேஷன் தாங்காத உடம்பு என்றால், 54 கிரேயை மூன்றே தவணையில் முடிப்பதும் உண்டு. ஒரு தடவைக்கு 18 கிரே. அங்கே சில மில்லிமீட்டர் தவறுவதுகூடச் சின்ன விஷயமல்ல.

அன்று பேசாமல் படுக்கச் சொன்ன நான் இன்று நாளெல்லாம் மைக்கில் பேசிக்கொண்டிருக்கிறேன். பீடி வாசமே அறியாத, வயசுக்கும் விறகடுப்புப் புகையில் நின்ற ஒரு பாட்டி. "ஆத்தா, மூச்ச நல்லா இழுங்க" என்றேன். தோள் இரண்டும் காதுவரை ஏறின. திரையில் அலை அசையவே இல்லை. "இழுத்துட்டனே கண்ணு!" என்றார். உள்ளே போய் அவர் கையையே வயிற்றில் வைத்து, "இந்தக் கை மேல வரோணும், தோள் வேண்டாம்" என்றேன். மூன்று மூச்சு வீணாகி நாலாவதில் கை எழுந்தது. கூடவே இருமலும் வந்துவிட்டது.

இழுத்துப் பிடிப்பது அவருக்கு ஆகாது என்று தெரிந்துபோயிற்று. மூச்சை அதிகம் அடக்கவேண்டிய நுரையீரல்தான் பெரும்பாலும் அடக்கும் தெம்பில்லாததாக இருக்கிறது. இந்த வேலையில் எனக்கு ஆறாத வருத்தம் இது. அவருக்கு வேறு வழி எடுத்தோம். மூச்சு விட்டு முடித்த நிலையில் அலை கொஞ்சம் தங்கும். இயல்பாக விடச் சொல்லி, அந்தத் தங்கலில் மட்டும் கதிரைத் திறந்தோம். இருமினால் மெஷின் தானே நின்று, அலை ஒழுங்குக்கு வந்தபின் தொடரும். நேரம் கூடுதல் ஆகும். வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் கதவைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வேறு சிலருக்கு வயிற்றில் பட்டையை இறுக்கி அசைவைக் குறைக்கிறோம்.

முதல் சி.டி.க்கு ஒரு வாரம் முன்பே நோயாளியையும் வீட்டாரில் ஒருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து மூச்சுப் பழக்கிவிட, ஆளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கித் தரும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் அட்டவணையில் அதற்கென்று இன்னும் ஒரு கட்டம் இல்லை.