சனி பகவானும் நீல டிக்கும்

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசை ஆன்லைனில் விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. சரவெடிக்குத் தடை, பேரியத்துக்குத் தடை, தீபாவளிக்கு ரெண்டு மணி நேரம்தான் வெடி. சிவகாசியே ஆடிப்போனது. ஆனால் இந்தப் பக்கத்து மாப்பிள்ளைகளை ஆன்லைனில் வைப்பது பற்றி நீதிபதிகள் மூச்சுவிடவில்லை. ஒரு தடை போட்டிருந்தால் என் போன்றோரின் தூக்கமாவது மிஞ்சியிருக்கும்.

எனக்கு விருதுநகர். வேலை சிவகாசியில், ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை டிசைன். 'நிகழும் மங்களகரமான' என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவன் முகூர்த்தத்துக்கு எழுத்துக் கோப்பவனுக்கு வயது முப்பத்துநான்கு, கல்யாணம் ஆகவில்லை. இதைச் சொல்லிச் சிரிக்காத டீக்கடை எங்கள் தெருவில் இல்லை.

முன்பெல்லாம் கட்டைப்பை நிறைய ஜாதகத்தோடு தரகர் அண்ணாச்சி வருவார். பெண் வீட்டில் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், காப்பியை ஆற்றிக்கொண்டே, "ரஜ்ஜு தட்டுதும்மா. தம்பிக்கு அடுத்த சனிப்பெயர்ச்சி வரைக்கும் நேரம் சரியில்ல" என்பார். என் முன் வழுக்கையைப் பார்த்துத்தான் மறுத்தார்கள் என்பது அவருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் பழியை முழுக்கச் சனி பகவான் வாங்கிக்கொள்வார். நான் பொரித்த பரோட்டா ரெண்டைச் சால்னாவில் பிய்த்துப்போட்டுத் தின்றுவிட்டுக் குறட்டை விடுவேன். என்னைப் பொறுத்தவரை அந்தச் சனி செய்தது இலவச மனநல சிகிச்சை. அப்போது அது புரியவில்லை, நவக்கிரகம் சுற்றும்போது முணுமுணுத்திருக்கிறேன்.

இப்போது நான் பெண் தேடும் டேட்டிங் ஆப்பில் சனி கிடையாது. 'ஹாய்' போடுகிறோம், ரெண்டு நாள் பேச்சு ஓடுகிறது, வாட்ஸ்அப்புக்கு மாறுகிறோம். அங்கே ரெண்டு நீல டிக். அத்தோடு சரி. காரணம் சொல்ல அண்ணாச்சி இல்லாததால் மனசு தானே காரணம் தேடக் கிளம்புகிறது. மூக்கா? சம்பளமா? 'சாப்பிட்டாச்சா' என்று மூன்று வேளையும் கேட்டதா? 'ஹாய்'க்குப் பக்கத்தில் வைத்த அந்த மஞ்சள் மூஞ்சியா? ராத்திரி ஒரு மணிக்குக் கண்ணாடி முன்னால் நின்று காது பெரிதோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 14416 என்று அரசாங்கம் 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அன்றைக்குத்தான் ஃபோனில் சேமித்தேன்.

மேட்ரிமோனி தளம் வேறு சங்கதி. முருகவேல் ஜானகிராமன் 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் இருந்தபடி தமிழர்களுக்காக நடத்திய இணையதளத்திலிருந்து முளைத்ததுதான் பாரத் மேட்ரிமோனி. அவருக்கே அதில்தான் பெண் அமைந்தது என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த மாதிரிக் கணக்கு அம்மா கையில் இருக்கிறது. பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. அதனால் அதில் எனக்கு மன உளைச்சலும் கிடையாது. இரத்தக் கொதிப்பு அம்மாவுக்கு.

டேட்டிங் ஆப்பில் சுற்றுவட்டம் இருபது கிலோமீட்டர் என்று வைத்தேன். ஆமாத்தூர், திருத்தங்கல் பக்கம் யாராவது வருவார்கள் என்று பார்த்தால், வந்தது அத்தை மகள். பனிமலை முன்னால் கூலிங்கிளாஸ், கீழே 'சாகசம் பிடிக்கும்' என்ற வாசகம். பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் ராட்டினம் ஏறினாலே வாந்தி எடுப்பவள்! பிடித்திருக்கிறது என்று வலது பக்கம் தள்ளினால் அத்தை வீட்டில் தாம்பாளத்தோடு கிளம்பிவிடுவார்கள். வேண்டாம் என்று இடது பக்கம் தள்ளி, முறைப்பெண்ணைத் தள்ளிவிட்டான் என்று பேச்சு வந்தால், அப்பா அந்த வீட்டுக் காதுகுத்துக்குப் போக முடியாது. ஃபோனைக் குப்புறப் போட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

இப்படித் தள்ளும் வித்தை டிண்டரால் பரவியது. டிண்டர் 2012-இல் வந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜொனாதன் பதீன், இந்த யோசனைக்கு உளவியலாளர் ஸ்கின்னரின் புறாச் சோதனைகளும் ஒரு காரணம் என்று சொல்லியிருக்கிறார். கொத்தும்போதெல்லாம் தானியம் விழுந்தால் புறா பசிக்கு மட்டும் கொத்தும். எப்போது விழும் என்று தெரியாவிட்டால் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். புறாவுக்காவது கடைசியில் தானியம் கிடைத்தது.

ஆப்பில் எனக்கும் ஒரு பருவம் உண்டு. புரட்டாசி பிறந்தால் போதும், மதுரை, கோயம்புத்தூரிலிருந்தெல்லாம் என் வழுக்கை பிடித்துப்போய்விடும். "நீங்க சிவகாசிப் பக்கமா?" என்பதுதான் எல்லோருக்கும் ரெண்டாவது கேள்வி. மூன்றாவது, "பட்டாசு ஃபேக்டரி ரேட்டுக்குக் கிடைக்குமா?" தீபாவளி மறுநாள் காலையில் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள்.

போன வருஷம் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி நன்றாகவே பேசினாள். பட்டாசை ரயிலில் கொண்டுபோனால் வழக்கு என்பதால் குடும்பத்தோடு வேன் பிடித்து வந்தாள். நான் இஸ்திரி போட்ட சட்டையோடு கடை வாசலில் நின்றேன். "அப்பா, நான் சொன்னேன்ல, டிஸ்கவுண்ட் வாங்கித் தர்ற அண்ணன்" என்றாள். அவர் என் கையைக் குலுக்கி, இன்னொரு பத்து சதவீதம் குறையுமா என்று கேட்டார்.

தீபாவளி முடிந்து செய்தி வந்தது. "ரெண்டு பாக்ஸ் புஸ்வாணம் நமுத்துப்போச்சு." ஆப் வழியாக வந்த பழக்கத்தில் காரணத்தோடு எனக்கு வந்த ஒரே குறை அதுதான். கடைக்காரரிடம் பேசிவிட்டேன், மாற்றித் தருகிறேன் என்றிருக்கிறார்.