ரெண்டு பயலுக, ஒரு ஊருச் சண்டை

எட்மன்டன், கனடா
ஜனவரி 2026

அன்புள்ள மாமாவுக்கு மருமகன் எழுதிக்கொள்வது.  

போன்ல பேசுனா நான் ஒரு காதுல வாங்கி மறு காதுல விடுறேன்னு சொல்லி, கடுதாசிதான் போடணும்னு உத்தரவு போட்டுட்டீங்க. சரி. பங்குனிப் பொங்கல் கபடிக்கு நம்ம டீம்ல ஒரே ஒரு இடம் பாக்கி. அதுக்கு ரெண்டு பயலுக நிக்கிறாங்க. ஒருத்தன் பாடிப் போனா ஆளைத் தொடாம திரும்ப மாட்டான், இன்னொருத்தன் காலைப் பிடிச்சா உடும்பு. ஊரே ரெண்டா நிக்குது, யாரை எடுக்கன்னு கேக்குறீங்க. கபடியில நான் தொட்டதைவிட என்னைத் தொட்டதுதான் அதிகம்னு உங்களுக்கே தெரியும். ஆனா கேள்வி சரியான ஊருக்குத்தான் வந்திருக்கு. ரெண்டு பயல்கள்ல எவன் ஒசத்தின்னு அடிச்சுக்கிறதையே குலத்தொழிலா வச்சிருக்கிற ஊரு இது.

மொதல்ல குளிரைச் சொல்லிடுறேன், இல்லாட்டி அத்தை கோவிச்சுக்குவாங்க. நேத்து மைனஸ் முப்பது. ராத்திரி காரை அப்படியே நிறுத்திட்டுப் போயிற முடியாது. முன்பக்கம் தொங்குற வயரை எடுத்து கரண்டுல சொருகணும், இல்லேன்னா காலையில எஞ்சின் உசுரு விட்ரும். வத்துன கண்மாயில நம்ம கபடி ஆடுவோம். இவங்க நெறஞ்ச கண்மாயில ஆடுறாங்க. தண்ணி கல்லா இறுகிக் கெடக்கும். அதுமேலதான் இந்த ஐஸ் ஹாக்கி.

தன்ராஜ் பிள்ளை ஆடுன ஹாக்கிக்கும் இதுக்கும் கையில மட்டை இருக்குங்கிறது ஒண்ணுதான் ஒத்துமை. பூட்ஸுக்கு அடியில பட்டையா ஒரு இரும்புத் தகடு. பந்துக்குப் பதிலா கறுப்பு ரப்பர் வில்லை, ஒரு இஞ்ச் கனம், மூணு இஞ்ச் அகலம். அது துள்ளக் கூடாதுன்னு ஆட்டத்துக்கு முன்னாடி ஃப்ரீசர்ல வச்சு எடுப்பாங்க. ஊரே ஒரு ஃப்ரீசர், அதுக்குள்ள இன்னொரு ஃப்ரீசர். கோல்கீப்பரோட சேத்து பக்கத்துக்கு ஆறு பேர். ஒருத்தனை ஒருத்தன் மூஞ்சியில குத்திக்கிட்டா அஞ்சு நிமிஷம் தனியா ஒரு கூண்டுல உக்கார வச்சுட்டு, திரும்ப உள்ள விட்டுருவாங்க. நம்ம ஊர்ல அதுக்கு ஸ்டேஷன் வரைக்கும் போகணும், ஆளுக்கொரு வக்கீல் வைக்கணும்.

எங்க தெரு முக்குல ஒரு மைதானம் இருக்கு. தண்ணியைப் பீச்சி விட்டா ராத்திரியோட ராத்திரியா ஐஸ் ஆயிரும். அங்க ஏழு வயசுப் பய ஒருத்தன் பெஞ்சுல உக்காந்து காலை நீட்டுறான். அவங்க அம்மா மண்டி போட்டு, கையுறையைப் பல்லால கடிச்சு உருவிப் போட்டுட்டு, பூட்ஸ் நாடாவை ஒவ்வொரு ஓட்டையா இழுத்து இறுக்குறாங்க. வெரலு செவந்து போச்சு. பய "இன்னும் இறுக்கு"ங்கிறான். பக்கத்துல அவன் உயரத்துக்கு ஒரு பை. அதோட ஜிப்பைத் திறந்தா வர்ற வாடைக்கு நம்ம ஆட்டுக் கொட்டம் அத்தர்க் கடை. இவன்தான் நாளைக்குப் பெரிய ஆட்டக்காரன்னு அவங்க வீட்டுல நம்புறாங்க. தெருவுல எல்லா வீட்டுலயும் அப்படி ஒருத்தன் இருக்கான்.

அதுல நெசமாவே தேறுறவன் பதினாறு வயசுல வீட்டை விட்டுக் கெளம்பி, வேற ஊர்ல முன்னப்பின்ன தெரியாத குடும்பத்தோட தங்கி, அங்கேயே படிச்சுக்கிட்டு, பஸ்ல ஊர் ஊராப் போயி ஜூனியர் ஆட்டம் ஆடுறான். பதினெட்டு ஆச்சுன்னா ஜூன் மாசம் பெரிய டீம்காரங்க வரிசையா ஆளைக் கூப்பிட்டுக்குவாங்க. ஐபிஎல் ஏலம் மாதிரி காசுப் போட்டி கெடையாது. எவன் முடிஞ்ச சீசன்ல கடைசியில வந்தானோ அவனுக்குத்தான் முன்னுரிமை. வேணும்னே தோக்கக் கூடாதுன்னு நடுவுல ஒரு குலுக்கலும் உண்டு. "தோத்தவனுக்கு நல்ல ஆளா? என்னடா நியாயம்?"னு நீங்க கேக்குறது இங்க கேக்குது. அந்த நியாயத்தை நம்பியே வருஷக்கணக்கா தோத்த ஊருதான் இது.

நான் இங்க வந்த புதுசு. 2009-10 சீசன். எட்மன்டன் ஆயிலர்ஸ் அப்ப முப்பது டீம்ல முப்பதாவது. 1984லேர்ந்து 1990க்குள்ள அஞ்சு தடவை பெரிய லீக்கோட ஸ்டான்லி கோப்பையைத் தூக்குன டீம் மாமா! வெய்ன் கிரெட்ஸ்கின்னு ஒரு சாமியை வச்சிருந்து, 1988ல லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தள்ளி விட்டாங்க. அதை நெனச்சு இங்க பெருசுங்க இன்னைக்கும் மூக்கைச் சிந்துறாங்க. அப்படியாப்பட்ட டீம் கடைசியில வந்தா ஊரு துக்கம் காக்கும்னு பாத்தா, ஒரே கொண்டாட்டம். ஏன்னா மொதல் ஆளு நமக்குத்தான். ஆளு யாரு? டெய்லர் ஹாலா, டைலர் செகினா? அத்தைகிட்ட வாசிச்சுக் காட்டுறப்ப, பஸ் ஸ்டாண்டு டெய்லர் இல்லேன்னு சொல்லிருங்க.

ஆபீஸ்ல காப்பி மெஷின் பக்கம் போனா, நீ எந்தப் பக்கம்னு சொல்லாம கப்பு கைக்கு வராது. ஹால் கல்கேரியில பொறந்தவன், இடது விங். தலையைக் குனிஞ்சா நேரா கோலுக்குள்ளதான், நடுவுல ஆளு நின்னாலும் சரி, செவரு நின்னாலும் சரி. செகின் டொரண்டோ பக்கத்துல பிராம்ப்டன் பய, சென்டர். அவசரப்பட மாட்டான், எடம் வர்ற வரைக்கும் பாத்து நின்னு அடிப்பான். அந்த வருஷம் ஒன்டாரியோ ஜூனியர் லீக்ல ரெண்டு பேருக்கும் 106 பாயிண்ட், ஒண்ணு கூடக் கொறைய இல்ல. கோல் போட்டா ஒண்ணு, கோலுக்குக் கையைக் குடுத்தா ஒண்ணு, அதுதான் கணக்கு. ஹால் 57 ஆட்டத்துல 40 கோல், 66 உதவி. செகின் 63 ஆட்டத்துல 48 கோல், 58 உதவி. கூட்டிப் பாருங்க. கடவுளே சண்டை மூட்டி விட்ட மாதிரி இல்ல?

"கம்மி ஆட்டத்துல எடுத்தவன்தான் கெட்டி"ன்னு ஒரு கட்சி. "கோல் போட்டது யாரு?"ன்னு எதிர்க்கட்சி. பெரிய லீக்கோட மதிப்பீட்டு ஆபீஸ் கடைசிப் பட்டியல்ல செகினை ஒண்ணாவது, ஹாலை ரெண்டாவது வச்சுச்சு. அதைக் காட்டி ஆடுனவங்க வாயை ஹாலோட டீம் அடைச்சிருச்சு: பிளேஆஃப்ல வின்ட்ஸர், செகினோட பிளிமத்தை நாலு ஆட்டத்துக்கு சைபர்னு மடக்கிட்டு, ஜூனியர்களுக்கான மெமோரியல் கோப்பையையும் தூக்கிட்டு வந்துச்சு. 2009லயும் 2010லயும் அந்தக் கோப்பையில சிறந்த ஆட்டக்காரன் ஹால்தான். அதுக்கு முன்ன ஒருத்தனும் ரெண்டு தடவை வாங்குனதில்ல. 2010 ஜூன் 25, லாஸ் ஏஞ்சல்ஸ். எட்மன்டன் ஹாலைக் கூப்பிட்டுச்சு. ரெண்டாவதா செகினை பாஸ்டன் கூப்பிட்டுச்சு.

இனிமேதான் கதை. மொதல் வருஷம் ஹால் 65 ஆட்டத்துல 22 கோல், 42 பாயிண்ட். கடைசியில தேவையில்லாம ஒருத்தன்கூட மல்லுக்கு நின்னு கணுக்காலைச் சுளுக்க வச்சுக்கிட்டான். நம்ம பாடிப் போற பயகிட்ட இந்த ஒரு விஷயத்தை மட்டும் வாசிச்சுக் காட்டுங்க. செகினுக்கு 74 ஆட்டத்துல 22 பாயிண்ட்தான். பிளேஆஃப் வந்தப்ப மொதல் பதினோரு ஆட்டம் அவனை இறக்கவே இல்ல, மேல உக்கார வச்சுட்டாங்க. எங்க ஆபீஸ் ஹால் கட்சி அன்னைக்கு ஸ்வீட்டு வாங்குச்சு. அப்புறம் ஒருத்தனுக்கு அடிபட்டு, செகினை டாம்பாவுக்கு எதிரா இறக்குனாங்க. இறங்குன ரெண்டாவது ஆட்டத்துல, நடு இருபது நிமிஷத்துக்குள்ள ரெண்டு கோல், ரெண்டு உதவி. பாஸ்டன் வான்கூவரை ஏழாவது ஆட்டத்துல சாய்ச்சு 2011 கோப்பையைத் தூக்குச்சு. பத்தொம்பது வயசுப் பய கையில ஸ்டான்லி கோப்பை! எங்க ஆளு வெறுங்கை.

நல்லா ஆடுனவன் ஹால்தான், இன்னைக்கும் அதுல எனக்கு மாத்துக் கருத்தில்ல. ஆனா பொண்ணு என்னதான் கெட்டிக்காரியா இருந்தாலும் புகுந்த வீடு சரியில்லேன்னா? ஹால் போன வீட்டுல எல்லாம் பாடிப் போறவன். பிடிக்க ஒருத்தன் கெடையாது. 2011லயும் மொதல் ஆளு இவங்களுக்கே கெடச்சுச்சு: நியூஜன்ட்-ஹாப்கின்ஸ், முன்னாடி ஆடுறவன். 2012லயும் கெடச்சுச்சு: யாக்குபோவ், அவனும் முன்னாடி ஆடுறவன். பின்னாடி கதவு தெறந்தே கெடந்துச்சு. இவங்க மூணு போட்டா எதிராளி அஞ்சு போடுவான். ஆறு வருஷம் ஹால் இங்க ஆடியும் பிளேஆஃப் வாசப்படியை மிதிக்கல. கடைசியில 2016 ஜூன்ல, தடுப்புக்கு ஆளு வேணும்னு சொல்லி, நியூ ஜெர்சிகிட்ட ஆடம் லார்சன்கிற ஒரே ஒரு டிஃபன்ஸ் ஆட்டக்காரனை வாங்கிக்கிட்டு ஹாலைக் குடுத்துட்டாங்க. எரிச்சல் என்னன்னா, அடுத்த வருஷமே எட்மன்டன் பிளேஆஃப் போயிருச்சு. 2006க்கு அப்புறம் அதுதான் மொதத் தடவை. அங்கிட்டு ஹால் 2017-18ல 93 பாயிண்ட் எடுத்து, அவன் டீம்ல அடுத்தவனைவிட 41 கூட, லீக்குக்கே சிறந்த ஆட்டக்காரன்னு ஹார்ட் டிராஃபி வாங்குனான். ஆபீஸ்ல அன்னைக்கு யாரும் யாரையும் ஏறிட்டுப் பாக்கல.

செகினையும் பாஸ்டன் வச்சுக்கல. 2013லயே டல்லாஸுக்குத் தள்ளிருச்சு. போன மொத சீசன்லயே 84 பாயிண்ட். இப்ப கவனிங்க மாமா. பாஸ்டன்ல செகினை வித்த மேனேஜர் பேரு பீட்டர் சியரெல்லி. எட்மன்டன்ல ஹாலை வித்த மேனேஜர் பேரு? அதே பீட்டர் சியரெல்லி! அங்க வேலை போனதும் இங்க வந்து உக்காந்தாரு. ஒலகமே எவன் ஒசத்தின்னு மண்டையை ஒடச்சுக்கிட்ட ரெண்டு பயல்களையும் ஒரே மனுஷன், மூணு வருஷ எடைவெளியில, ரெண்டு வேற ஊர்லேர்ந்து ஏத்தி விட்டுருக்காரு. ஹால் ஒரு காலத்துல பாஸ்டனுக்கே ஆடப் போனான்கிறது வேற தமாஷ்.

டொரண்டோ பக்கம் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருத்தர் இருக்காரு, அப்பப்ப போன் பண்ணுவாரு. அவரு கூட இதைச் சொல்லிப் பொலம்பக் கூடாது, ஏன்னா அவரு சோகம் நம்மளைவிடப் பெருசு. செகினை எடுத்த பாஸ்டனோட அந்த ரெண்டாவது இடம் உண்மையில டொரண்டோவோடது. கெஸல்னு ஒரு ஆட்டக்காரனுக்காக 2009லயே அதை எழுதிக் குடுத்துட்டாங்க, பின்னாடி இருபத்தொம்பதாவதா வருவோம்னு தெரியாம. "எங்கட பிராம்ப்டன் பெடியன் தம்பி, அடுத்த தெருப் பெடியன். அவனைத் தூக்கி பொஸ்டனுக்குக் குடுத்துப்போட்டு, அவங்கள் கப் எடுக்கேக்க நாங்கள் டீவியில பாத்தனாங்கள்." டொரண்டோ கடைசியாக் கோப்பை எடுத்தது 1967ல. அண்ணன் பொறக்கவே இல்ல.

இதுக்கப்புறமாவது ஊரு திருந்துச்சான்னு கேட்டீங்கன்னா, 2015ல மறுபடி அதே கூத்து. கானர் மெக்டேவிட்டா, ஜாக் ஐக்கெலா? குலுக்கல்ல மொதல் இடம் எட்மன்டனுக்கே விழுந்துச்சு, மெக்டேவிட்டை எடுத்தாங்க. இந்தத் தடவை சந்தேகமே இல்ல, பூமியில அவனை மாதிரி ஓடுறவன் கெடையாது. ரெண்டாவதா பஃபலோ போன ஐக்கெல் கழுத்து ஆபரேஷன் விஷயத்துல டீமோட முட்டிக்கிட்டு வேகஸுக்குப் போனான். 2023ல வேகஸ் கோப்பையைத் தூக்குச்சு. போற வழியில ரெண்டாவது சுத்துல யாரைத் தோக்கடிச்சுட்டுப் போச்சுன்னு நெனைக்கிறீங்க? எங்களைத்தான். 2024, 2025 ரெண்டு வருஷமும் மெக்டேவிட் இறுதிப்போட்டி வரைக்கும் இழுத்துட்டு வந்தும் ஃப்ளோரிடாகிட்ட தோத்தாச்சு. இப்ப தெருவுல நாடா கட்டுற பயகளை வச்சு அடுத்த சண்டை ஆரம்பிச்சாச்சு.

நம்ம விஷயத்துக்கு வர்றேன். உங்க மனசு பாடிப் போற பய பக்கம்னு எழுத்துலயே தெரியுது. அவனைப் பத்தி ஒரு பக்கம், பிடிக்கிறவனைப் பத்தி ரெண்டு வரி. ஆனா நீங்க அனுப்புன பட்டியல்ல பாடிப் போற ஆளுக ஏற்கனவே நாலு பேர் இருக்காங்க. கார்னர்ல நிக்க ஒருத்தன்தான், அவனுக்கும் முட்டி சரியில்லேன்னு எழுதியிருக்கீங்க. அதனால எவன் ஒசத்திங்கிற கேள்வியை டீக்கடைக்கு விட்டுட்டு, காலைப் பிடிக்கிறவனை எடுங்க. மத்தவனைச் சும்மா அனுப்பாதீங்க. தோள்ல கையைப் போட்டு, அடுத்த வருஷம் நீதான்னு ஊரறியச் சொல்லுங்க. இல்லேன்னா டி.கல்லுப்பட்டிக்காரங்க வண்டியோட வந்து நிப்பாங்க, அப்புறம் பங்குனியில நம்ம கோட்டுக்குள்ளயே பாடி வருவான்.

கமிட்டியில நல்ல ஆட்டக்காரனாப் பாத்து வெளியூருக்குப் பேசி முடிக்கிற ஆளு எவனாவது இருந்தா, அவனுக்குப் பந்தல் பொறுப்பை மட்டும் குடுங்க.

அத்தை கேட்ட கம்பளி சாக்ஸ் நாலு ஜோடி வாங்கி வச்சிருக்கேன். பேரையூர் வெயில்ல அதை எதுக்குன்னு நான் கேக்கல. ஆட்டம் முடிஞ்சதும் ஸ்கோரைக் கடுதாசியில போடாம போன்லயே சொல்லுங்க மாமா.

இப்படிக்கு
உங்கள் மருமகன்